ஒரே எடை, இரண்டு நிறம்: ஒரு வடிதாள் கருப்பு, இன்னொன்று பழுப்பு. ஏன்?

#1 வடிதாள்

காற்று மாதிரி எடுக்கும் நிலையங்களில் வடிதாள் மாற்றுவது என் வேலை. விஞ்ஞானி இல்லை, உதவியாளர். ஒரு நிலையம் நகரத்தில், நாலுவழிச் சாலையை ஒட்டி. இன்னொன்று அங்கிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி, சுற்றிலும் வயல். இரண்டிலும் ஒரே கருவி. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும், 2.5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை வழியிலேயே தட்டிக் கழித்துவிடும். மிச்சம் 47 மில்லிமீட்டர் வெள்ளை வட்டத்தில் படியும். ஒரு நாளுக்கு 24 கன மீட்டர் காற்று.

போன வாரம் ஒரே தேதியில் எடுத்த இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நகரத்து வட்டம் அடுப்புக்கரியைத் தேய்த்தமாதிரி கருப்பு. கிராமத்து வட்டம் பரணில் கிடந்த செய்தித்தாள் மாதிரி மங்கிய பழுப்பு. 'இது எவ்வளவோ தேவலை' என்று நினைத்துக்கொண்டே தராசில் வைத்தேன். இரண்டும் ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கீழே. வித்தியாசம் கடைசி இலக்கத்தில்தான்.

அன்றிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல். அந்தப் பழுப்பு என்ன? வண்டியே போகாத இடத்தில் எங்கிருந்து வருகிறது? இரண்டில் எது மோசம்? அலுவலகத்தில் கேட்டால் "அறிக்கை வரும், பார்த்துக்கொள்" என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மாடிச்செடி

வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள்! நான் இரண்டு வருடத்துக்கு முன் நகரத்தை விட்டு வந்ததே காற்றுக்காகத்தான். வந்ததும் ஒரு சிறிய காற்றுச் சென்சார் வாங்கி வாசலில் மாட்டினேன். நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று காட்டும். பகலில் 20, 25. சாயங்காலம் ஆறரைக்கு மேல் விறுவிறுவென்று ஏறி 90 வரை போகிறது. நகரத்து வீட்டில் சாயங்காலம் 50தான் காட்டிக்கொண்டிருந்தது. சென்சார் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதையேதான் சொல்கிறது.

#3 கரிக்கணக்கு

வடிதாள், நல்ல கேள்வி. நீளமாகத்தான் எழுதவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. வட்டத்தில் உள்ள எடை முழுக்க கார்பன் இல்லை. சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், மண்தூசி எல்லாம் இருக்கும். ஆனால் இவை ஏறத்தாழ நிறமற்றவை அல்லது வெளிறியவை. நிறம் கொடுப்பது பெரும்பாலும் கார்பன்தான், அதில் இரண்டு சாதி.

ஒன்று புகைக்கரி. ஆய்வகத்தில் தனிமக் கார்பன் என்பார்கள். ஒளியை வைத்து அளந்தால் கருப்புக் கார்பன் என்று பெயர் மாறும், கிட்டத்தட்ட ஒரே ஆள்தான். தீக்கொழுந்துக்குள் ஆக்சிஜன் சரியாக எட்டாத இடத்தில் பிறக்கும். சாலையோரத்தில் பெரும்பாலும் டீசல் வண்டிகளிலிருந்து. சில பத்து நானோமீட்டர் உருண்டைகள் கொத்துக்கொத்தாகக் கோத்துக்கொண்டிருக்கும். இது ஒளியை விழுங்குவதில் அசுரன்: ஒரு கிராம் புதுப் புகைக்கரி சுமார் 7.5 சதுர மீட்டர் பரப்பளவுக்கு ஒளியை விழுங்கும். அதனால் எடையில் சிறு பங்காக இருந்தாலும் வட்டம் முழுவதையும் கருப்பாக்கிவிடும். உங்கள் நகரத்து வட்டம் கருப்பாக இருக்கிறது என்பதற்காக அதில் உள்ளதெல்லாம் கரி என்று நினைக்கவேண்டாம்.

இரண்டாவது கரிமக் கார்பன். இது ஒரே பொருள் இல்லை, ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கூட்டம். சில நேராகப் புகையிலிருந்து வரும். சில வாயுவாகக் கிளம்பி, காற்றில் ஓசோனோடும் மற்ற வினைப்பொருள்களோடும் முட்டி, கனமாகி, பிறகுதான் துகளாகும். இதில் ஒரு பகுதி நீல ஒளியையும் புறஊதாவையும் மட்டும் விழுங்கும். அதனால் கண்ணுக்குப் பழுப்பாகத் தெரியும். உங்கள் வயல் வட்டத்தின் நிறம் அதுதான்.

வண்டி போகாத இடத்தில் எங்கிருந்து என்று கேட்டீர்கள். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் 60 கிலோமீட்டரைக் கடக்க ஐந்தரை மணி நேரம். நுண்துகளோ பல நாள்கள் காற்றில் மிதக்கும். ஆக நகரத்தில் காலையில் விட்ட புகை மத்தியானம் உங்கள் வயலுக்கு வருகிறது, வரும் வழியிலேயே வேதியியலும் நடக்கிறது. வட அரைக்கோளத்தில் பல இடங்களில் நடந்த அளவீடுகளைத் தொகுத்து 2007இல் வந்த ஆய்வில், கரிமத் துகளில் ஆக்சிஜன் ஏறிய பகுதி நகரத்தில் சராசரியாக 64 சதவீதம், நகரத்துக் காற்று போய்ச்சேரும் இடங்களில் 83, ஒதுக்குப்புறங்களில் 95. தூரம் போகப்போகக் கரி பழசாகிறது. மூலத்தை அடையாளம் காண்பதும் கடினமாகிறது.

எடைக்கணக்கிலும் இது வரும். ஆய்வகம் கார்பன் அணுக்களை மட்டும்தான் எண்ணும். அதோடு ஒட்டிய ஆக்சிஜன், ஹைட்ரஜனைச் சேர்க்க ஒரு பெருக்கெண் போடவேண்டும். நகரத்துக்கு ஏறத்தாழ 1.6, வெளியிடங்களுக்கு 2.1 என்று வைப்பது வழக்கம். இந்த வேறுபாட்டை மறந்து எல்லா இடத்துக்கும் 1.4 போட்டு கிராமத்துக் கரியைக் குறைத்துக் காட்டிய அறிக்கைகளை நானே பார்த்திருக்கிறேன்.

#4 பழைய டீசல்

வந்தாச்சா, எங்கே கருப்பைப் பார்த்தாலும் டீசல் தலையில் போட்டுவிடுவது. இருபது வருடமாக என்ஜின் பிரித்துப் பூட்டுகிறேன். இப்போது வரும் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் பீங்கான் ஃபில்டர் இருக்கிறது. ஒழுங்காக வேலை செய்தால் 90 சதவீதத்துக்கு மேல் கரியைப் பிடித்து, சூடேற்றித் தானே எரித்துவிடும். நம்பவில்லை என்றால் என்ஜின் ஆறினபிறகு புகைக்குழாய் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஃபில்டர் நன்றாக இருந்தால் விரலில் ஒன்றும் ஒட்டாது. மை மாதிரி ஒட்டினால் உள்ளே ஃபில்டர் உடைந்திருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

"இல்லவே இல்லை" என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மாற்றச் செலவாகும் என்று அதைக் குடைந்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டை வெல்டிங் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்னிடமும் கேட்பார்கள், நான் செய்வதில்லை. அதனால் எத்தனை வாடிக்கை போனது என்பது தனிக் கதை. அப்படி ஒரு வண்டி, பல நல்ல வண்டிகளுக்குச் சமமாகக் கக்கும். அதனால் 'டீசல்' என்று பொத்தாம் பொதுவாகப் பேசாதீர்கள்.

#5 கரிக்கணக்கு

> அதனால் 'டீசல்' என்று பொத்தாம் பொதுவாகப் பேசாதீர்கள்.

அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். விரல் சோதனை அருமை, என் மாணவர்களுக்குச் சொல்லப்போகிறேன். ஒரு சாலையின் கரியில் பெரும்பங்கை ஒரு சில வண்டிகளே போடுகின்றன என்பது அளந்து பார்த்தவர்களும் சொல்வதுதான். ஆனால் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2012இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் சேர்த்தது. அடுத்த வருடமே வெளிக்காற்று மாசையும் அதில் உள்ள துகள்களையும் அதே பிரிவில் சேர்த்தார்கள். ஆகவே டீசல் தனியாகப் பழி சுமக்கவில்லை.

#6 மாடிச்செடி

ஒரு சின்ன சந்தேகம். நகரத்து வீட்டில் ஜன்னல் கட்டையை வெள்ளைத் துணியால் துடைத்தால் கருப்பாக வரும். அதுதானே இந்தப் புகைக்கரி?

#7 கரிக்கணக்கு

கொஞ்சம் இருக்கலாம், பெரும்பாலும் இல்லை. ஜன்னலில் தானாக விழுந்து படிவது கனமான தூசி: டயர் தேய்மானம், தார், மண், பூஞ்சை, மகரந்தம். டயரிலேயே கரித்தூள் கலந்திருப்பதால் அதுவும் கருப்பு. 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ளது அவ்வளவு சுலபமாக விழாது, காற்றோடு மிதந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். துணியில் ஒட்டுவதைவிட ஒட்டாததுதான் நம் கவலை.

#8 பதினாலு

நான் வேறு வாசல் வழியாக வருகிறேன். கரி எப்போது பிறந்தது என்று கேட்டால் எங்கிருந்து வந்தது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

உயிரோடு இருந்த எதிலும் கார்பன்-14 இருக்கும். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். பெட்ரோல், டீசல், நிலக்கரி எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை, அவற்றில் கார்பன்-14 துளியும் மிச்சமில்லை. விறகும் சருகும் மரம் விடும் வாயுவும் இந்தக் காலத்துக் கார்பன். ஆக வடிதாளில் ஒரு துண்டு வெட்டி கார்பன்-14 எண்ணினால் 'பழைய கார்பன் எவ்வளவு, புதுக் கார்பன் எவ்வளவு' என்று பிரித்துவிடலாம்.

அமெரிக்காவில் 12 இடங்களில் இப்படிச் செய்து 2008இல் வெளியிட்டார்கள். நுண்துகள் கார்பனில் இந்தக் காலத்துக் கார்பனின் பங்கு நகரங்களில் ஏறத்தாழ பாதி. நகரை ஒட்டிய இடங்களில் 70 முதல் 97 சதவீதம். ஒதுக்குப்புறங்களில் 82 முதல் 100. இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: நகரத்திலேயே பாதி, பெட்ரோலியத்திலிருந்து வரவில்லை!

தெற்காசியாவின் மேல் பனிக்காலத்தில் படியும் பழுப்பு மேகத்தை எடுத்துக்கொண்டாலும் அதேதான். 1999இல் 'இந்தியப் பெருங்கடல் பரிசோதனை' என்ற பன்னாட்டு ஆய்வு அதை உலகுக்குக் காட்டியது. எது எரிந்து வந்தது என்று பத்து வருடம் சண்டை. 2009இல் மாலத்தீவிலும் மேற்கு இந்தியாவில் ஒரு மலையுச்சியிலும் எடுத்த மாதிரிகளில் கார்பன்-14 எண்ணிப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்கு விறகு, சருகு, பயிர்த்தாள் வகையறா என்று தெரிந்தது.

#9 பழைய டீசல்

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன் 😀

#10 கரிக்கணக்கு

பதினாலு, கணக்கு சரி. ஆனால் 'புதுக் கார்பன் = இயற்கை' என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள், அதற்கு முன் ஒரு கடிவாளம் போடுகிறேன். சமையல் எண்ணெய் கொதிக்கும் புகையும் புதுக் கார்பன்தான், செடியிலிருந்து வந்ததல்லவா. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் அப்படியே. நகரத்துப் பாதியில் இவற்றுக்கும் பங்கு உண்டு. மறுபக்கம், பெயிண்ட், வாசனைத் திரவம், துப்புரவுத் திரவம் இவற்றிலிருந்து கிளம்பும் கரைப்பான்கள் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை, ஆனால் எந்த என்ஜினிலும் எரியாதவை. அவையும் காற்றில் துகளாகின்றன. தேதி தெரிந்தால் பிறப்பிடம் தெரியும், யார் கொளுத்தினார் என்பது தெரியாது.

அதற்கு வேறு சாட்சிகள் வேண்டும். மரத்தின் செல்லுலோஸ் வெந்து சிதையும்போது மட்டும் வரும் லெவோகுளுக்கோசான் என்ற சர்க்கரை இருந்தால் விறகுப்புகை. ஹோப்பேன்கள் என்ற சேர்மங்கள் இருந்தால் என்ஜின் ஆயில், இல்லாவிட்டால் நிலக்கரி.

#11 தென்காற்று

இழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், இதற்கு மேல் முடியவில்லை. 'மரம் விடும் வாயு' என்கிறீர்கள். அப்படியென்றால் காடும் மாசா? நாளைக்கு இதைக் காட்டி எவனாவது மரத்தை வெட்டுவான்.

#12 பதினாலு

நியாயமான கோபம். அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரேகன்கூட ஒருமுறை மரங்கள் மேல் பழிபோட்டுக் கேலிக்கு ஆளானார்.

வேதியியல் மட்டும் சொல்கிறேன். இலைகள் ஐசோப்ரீன் என்ற வாயுவை விடுகின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன். ஊசியிலை மரங்கள் டெர்பீன்கள் விடும், பைன் காட்டு வாசனை அதுதான். காட்டு மலைகளின் மேல் தெரியும் நீல மூட்டம் இந்த வாயுக்கள் துகளாவதால்தான் என்று 1960இலேயே ஃபிரிட்ஸ் வெண்ட் எழுதினார். அவர் தாவரவியலாளர், செடிகளின் வளர்ச்சி ஹார்மோனில் பெயர் வாங்கியவர்.

ஆனால் வாயு தானாகத் துகளாவதில்லை. ஆக்சிஜனேற்றம் வேண்டும், ஒட்டிக்கொள்ள ஏற்கனவே ஒரு துகள் வேண்டும். அந்த இரண்டையும் அள்ளிக் கொடுப்பது நம் வண்டியும் மின்நிலையமும். தென்கிழக்கு அமெரிக்காவில் மின்நிலையங்களின் சல்பர் டை ஆக்சைடு குறையக் குறைய, கோடைக்காலக் கரிமத் துகளும் கூடவே இறங்கியது. மரங்கள் அப்படியேதான் நின்றன. கார்பன்-14 கணக்கில் அது 'புதுக் கார்பன்'. பொறுப்பு யாருக்கு என்பது அந்தக் கணக்கில் வராது.

#13 தென்காற்று

சரி, இது போதும். மரத்தை விட்டுவிட்டீர்கள், நன்றி.

#14 அடுப்படி

எல்லோரும் சாலையையும் வயலையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் சுவருக்கு உள்ளேயிருந்து பேசுகிறேன்.

விறகடுப்பு வீட்டில் வளர்ந்தவள் நான். ஈர விறகை வைத்தால் முதலில் வருவது கெட்டியான வெள்ளைப் புகை. கண்ணைக் கரிக்கும், மூக்கில் நீர் கொட்டும். ஊதி ஊதிக் கொழுந்து பிடித்ததும் வெள்ளை போய்விடும், அப்புறம் பாத்திரத்தின் அடி கருப்பாகும். வெள்ளைப்புகை 'வெறும் ஆவி' என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அது கரிமத் துகள் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கனன்று புகைந்தால் கரிமம் அதிகம், கொழுந்துவிட்டு எரிந்தால் புகைக்கரி அதிகம். ஒரே அடுப்பு, ஒரே விறகு, பத்து நிமிட இடைவெளியில் இரண்டும் வரும். கூரையின் உட்புறத்தில் கைவைத்தால் ஒட்டுகிற பிசுபிசுப்பு முதல் பாதி, தொட்டால் உதிரும் கரி இரண்டாம் பாதி.

'கிராமம் பழுப்பு, நகரம் கருப்பு' என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கு பார்த்திருக்கிறீர்களா? எரிகிற எண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் கருப்புக் கார்பனாகப் போகிறது என்று 2012இல் அளந்து எழுதினார்கள். விறகில் அந்தப் பங்கு மிகமிகக் குறைவு. அந்த விளக்குக்குக் கீழேதான் நாங்கள் பாடம் படித்தோம். காலையில் மூக்கைச் சிந்தினால் கருப்பாக வரும்.

கிர்க் ஸ்மித் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், பெர்க்லியில், 2020இல் மறைந்தார். அவர் சொன்ன கணக்கு ஒன்று: வீட்டுக்குள் விட்ட புகை, வெளியே விட்ட புகையைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சுலபமாக ஒருவர் நுரையீரலை எட்டும். எத்தனை டன் புகை விட்டார்கள் என்பது அரசாங்கத்துக்கு வேண்டிய கணக்கு. அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு வேண்டியது இன்னொரு கணக்கு. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் வடிதாள் வைத்திருக்கும் கம்பம் வயலில் நிற்கிறது, அடுப்பங்கரையில் இல்லை.

#15 வடிதாள்

அடுப்படி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

இன்னொரு செய்தி. நேற்று ஆய்வகத்தில் கார்பன் பிரிக்கும் கருவியைப் பார்க்கவிட்டார்கள். எடைக்கு டெஃப்லான் வட்டம், கார்பனுக்குக் குவார்ட்ஸ் இழை வட்டம் என்று தனித்தனி. குவார்ட்ஸிலிருந்து சின்னத் துண்டு ஒன்றைக் குத்தி எடுத்து அடுப்புக்குள் தள்ளினார்கள். முதலில் ஹீலியம் மட்டும், படிப்படியாகச் சூடு. கரிமம் ஆவியாகி வெளியேறுகிறது. துண்டு வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன், திரையில் லேசர் கோடு கீழே இறங்கியது. துண்டு முன்னைவிடக் கருத்துவிட்டது! வயல் வட்டத்தில்தான் அது அதிகம். பிறகு ஆக்சிஜன் விட்டதும் கோடு மேலே ஏறி, கடைசியில் சுத்த வெள்ளைத் துண்டு வெளியே வந்தது, உப்புக்கல் மாதிரி.

பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: இதே வட்டத்தை வேறு வெப்பநிலை முறையில் ஓட்டினால் தனிமக் கார்பன் எண் வேறாக வரும். அது எப்படி? தராசு மாற்றினால் எடை மாறுமா?

#16 கரிக்கணக்கு

நீங்கள் பார்த்ததுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. ஆக்சிஜன் இல்லாமல் சூடேற்றும்போது கரிமத்தில் ஒரு பகுதி ஆவியாகாமல் கருகிக் கரியாகிவிடும். அப்படியே விட்டால் அதையும் தனிமக் கார்பன் என்று எண்ணிவிடுவோம். அதனால்தான் லேசர். துண்டு முதலில் இருந்த கருமைக்குத் திரும்பும் கணம் வரை வந்ததெல்லாம் கரிமம், அதற்குப் பிறகு வருவது தனிமம் என்று கோடு போடுகிறோம். லேசர் துண்டை ஊடுருவி வருவதைப் பார்ப்பதா, பட்டுத் திரும்புவதைப் பார்ப்பதா என்பதிலேயே கோடு நகரும். ஹீலியத்தில் எத்தனை டிகிரி வரை போவது என்பதிலும் வேறுபாடு: ஒரு அமெரிக்க முறை 580 டிகிரி செல்சியஸோடு நிறுத்தும், இன்னொன்று 870 வரை போகும், ஐரோப்பிய முறை 650. மொத்தக் கார்பன் எல்லாவற்றிலும் ஒத்துவரும். பிரிவினைதான் மாறும், சில வேளை இரண்டு மடங்கு வரை. விறகுப்புகை அதிகமுள்ள வட்டங்களில் தகராறு இன்னும் கூடுதல்.

தராசு உவமை பொருந்தாது. எடை என்பது உண்மையில் இருப்பது. 'தனிமக் கார்பன்' என்பது நாம் ஒரு முறையை வைத்து வரைந்த எல்லை. ஆகவே இரண்டு நிலையங்களை ஒப்பிட்டால் முறை ஒன்றா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு பழங்கதை, உங்கள் தலைப்புக்கு மிகப் பொருத்தம். 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடியது, உடனடியாகவே சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள், பிற்காலக் கணக்குகள் அதைவிட மிக அதிகம். 1956இல் சட்டம் வந்தது. அதன்பின் பிரிட்டன் முழுக்கப் புகையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? வெள்ளை வடிதாளில் விழுந்த கறையின் கருமையைப் பார்த்து, அட்டவணையில் எடையைப் படித்தார்கள். நிலக்கரி அடுப்புக் காலத்தில் போட்ட அட்டவணை அது. அடுப்பு போய் டீசல் வந்ததும், அதே எடைக்குக் கறை கூடுதலாகிவிட்டது. அட்டவணை பொய் சொல்ல ஆரம்பித்தது. நிறத்தை வைத்து எடை சொன்னால் அந்தக் கதி. எடையை வைத்து மட்டும் பேசினால் நிறம் சொல்வது போய்விடும், அது உங்கள் கதி.

#17 மாடிச்செடி

என் 90க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே?

#18 கரிக்கணக்கு

மன்னிக்கவும். உங்கள் 90ஐயும் 50ஐயும் ஒரே கோலால் அளக்கமுடியாது.

அந்தச் சென்சார் துகளை எடைபோடுவதில்லை. லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து எடையை ஊகிக்கிறது. விறகுப்புகைத் துகள் அதற்கு ஏற்ற அளவு, நன்றாகச் சிதறடிக்கும், எண் ஊதிக்காட்டும். ராத்திரி ஈரப்பதம் ஏறினால் துகள் நீர் குடித்து வீங்கும், அதுவும் கூட்டிக்காட்டும். புதுப் புகைக்கரியோ மிகச் சின்னது, ஒளியைச் சிதறடிப்பதைவிட விழுங்குவதே அதிகம், 0.3 மைக்ரானுக்குக் கீழே இந்தச் சென்சாருக்குக் கண் மங்கல். அதாவது நகரத்தில் குறைத்தும் கிராமத்தில் கூட்டியும் சொல்லியிருக்க நல்ல வாய்ப்பு.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பர்ப்பிள்ஏர் வகைச் சென்சார்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு திருத்தம் தந்தது: காட்டும் எண்ணை 0.524ஆல் பெருக்கு, ஈரப்பத சதவீதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழி, 5.75 கூட்டு. உங்கள் 90, ஈரப்பதம் 80 என்றால் விடை 46. அது அவர்கள் நாட்டுக் காற்றுக்குச் செய்தது, அப்படியே நம்பவேண்டாம். எந்த அளவுக்கு ஆடும் என்று காட்டத்தான் போட்டேன்.

ஆனால் சந்தோஷப்படவும் வேண்டாம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு ஒரு நாளுக்கு 15, ஆண்டுச் சராசரிக்கு 5. சாயங்கால ஏற்றம் நிஜம்தான். சூரியன் சாய்ந்ததும் தரை குளிரும், அதை ஒட்டிய காற்றும் குளிரும், மேலே சூடான காற்று மூடி போட்டமாதிரி உட்கார்ந்துகொள்ளும். பகலில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கலைந்த புகை அப்போது நூறு, இருநூறு மீட்டருக்குள் அடங்கவேண்டும். அதே நேரத்தில் அக்கம்பக்கத்தில் அடுப்பு பற்றும், யாராவது குப்பையைக் கொளுத்துவார்கள்.

#19 மாடிச்செடி

குப்பை. எதிர்வீட்டு ஓரத்தில் தினமும் ஆறே முக்காலுக்கு. பிளாஸ்டிக்கும் சேர்த்து. இவ்வளவு வேதியியல் படித்து, கடைசியில் போய்ப் பேசவேண்டிய இடம் வேலிக்கு அந்தப் பக்கம்.

#20 குறுக்குவழி

நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லை. முகக்கவசம் போட்டால் கரி நிற்குமா நிற்காதா?

#21 அடுப்படி

நிற்கும். முகத்தோடு ஒட்டிய என்95 கவசம் 0.3 மைக்ரான் துகளிலேயே 95 சதவீதத்தைப் பிடிக்கும், அதைவிடச் சிறியதையும் பிடிக்கும். துணிக்கவசம் பெயருக்குத்தான். வாயு எதையும் தடுக்காது, புகை வாசனை வந்துகொண்டேதான் இருக்கும். அதை வைத்துக் கவசம் வேலை செய்யவில்லை என்று கழற்றிவிடாதீர்கள். ஆனால் கவசம் போட்டுக்கொண்டு எத்தனை நாள் சமைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள்.

#22 வடிதாள்

எது மோசம் என்ற என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது.

#23 பதினாலு

எடைக்கு எடை வைத்தால் புகைக்கரிதான் என்பேன். மொத்த நுண்துகளில் ஒரு மைக்ரோகிராமுக்குக் காணும் பாதிப்பைவிட, புகைக்கரியில் ஒரு மைக்ரோகிராமுக்குக் காணும் பாதிப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

#24 கரிக்கணக்கு

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். புகைக்கரி கெடுக்கிறதா, அல்லது அது முதுகில் சுமந்துவரும் சேர்மங்கள் கெடுக்கின்றனவா? உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2012இல் இதை ஆராய்ந்தபோது, கரியைச் சுமைவண்டியாகத்தான் பார்த்தது. 2021 வழிகாட்டியிலும் கருப்புக் கார்பனுக்கு எண் வைக்கவில்லை. 'அளந்துவையுங்கள், குறையுங்கள்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பழுப்பைக் குற்றமற்றது என்று விடவும் முடியாது. விறகுப்புகையின் கரிமத்தில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் வகையறா உண்டு.

புவி சூடாவதில் மட்டும் வித்தியாசம் தெளிவு: கருப்பு சூடாக்கும், வெளிறிய கரிமம் கொஞ்சம் குளிர்விக்கும். நுரையீரலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

#25 பதினாலு

சுமைவண்டி என்றாலும் வண்டியை நிறுத்தினால் சுமை வராதே. ஆளுக்கொரு பக்கம் நிற்போம்.

#26 வடிதாள்

பத்து நாள் கழித்து வருகிறேன். இன்று வயல் நிலையத்து வட்டத்தை எடுத்தேன், நகரத்தைவிடக் கருப்பு. கையில் வைத்துக்கொண்டு அரை நிமிடம் நின்றேன், எண்ணை மாற்றிவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

கம்பத்திலிருந்து இருபதடி நடந்தால் வரப்பு. வரப்பைத் தாண்டிப் புதிதாக ஒரு டீசல் பம்பு இறக்கியிருக்கிறார்கள். ராத்திரி மின்சாரம் நிற்கும்போதெல்லாம் ஓடுகிறதாம். பழைய டீசல் அண்ணன் சொன்னபடி, என்ஜின் ஆறியிருந்ததால் குழாய்க்குள் விரலை விட்டேன். இப்போது எழுதும்போதும் நகக்கண்ணில் மை இருக்கிறது.

குறிப்பேட்டில் 'பிற' என்று ஒரு பத்தி உண்டு, இவ்வளவு நாள் கோடுதான் போட்டுவந்தேன். இன்று அதில் பம்பின் தூரத்தையும் திசையையும் எழுதினேன். ஓடிய நேரம் பம்புக்காரருக்குத்தான் தெரியும், நாளைக் காலை அவரைப் பார்க்கவேண்டும்.

#27 பழைய டீசல்

போகும்போது காற்று ஃபில்டரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் கரி அதிகமாகத்தான் தள்ளும். தட்டிச் சுத்தம் செய்து பூட்டினாலே பாதி வித்தியாசம் தெரியும்.